தம்பி வீட்டுக் கண்ணாடியும் நீலப் பூங்குருவியும்

எங்கள் வீட்டுச் சந்து முடிகிற இடத்தில் மலை தொடங்கிவிடும். அங்கே இருக்கும் பாறைக்கு ஐப்பசி பிறந்தால் ஒரு குருவி வந்து சேரும். செஞ்சியில் பாறைக்கா பஞ்சம்? ஆனாலும் அதற்கு அந்த ஒரு பாறைதான். மைனாவை விடச் சின்னது, அழுக்கு நீலம். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். கீழே எறும்போ வண்டோ ஊர்ந்தால் இறங்கிக் கொத்திக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பும்.

கோட்டையைப் படம் எடுக்க வந்த ஒருவர் என் ஜெராக்ஸ் கடையில் நின்றபோது அதன் பெயரைச் சொன்னார். நீலப் பூங்குருவி. இமயமலைப் பக்கம் குஞ்சு பொரிக்கும், குளிருக்கு இங்கே இறங்கும், பங்குனியில் திரும்பிவிடும். அங்கே பிரமாதமாகப் பாடுமாம். இங்கே என்னவோ வாயே திறக்காது. எப்போதாவது தொண்டைக்குள் முணுமுணுக்கும், அவ்வளவுதான். துணையும் கிடையாது. தன் இனத்தில் இன்னொன்று தலைகாட்டினால் விரட்டிவிட்டுத்தான் மறுவேலை. அதனாலேயே எனக்கு அதைப் பிடித்துப்போயிற்று.

போன வருடம் என் தம்பி தன் மாடிச் சுவரில் ஒரு திருஷ்டிக் கண்ணாடி மாட்டினான். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் அந்தச் சந்துதான். எங்கள் நைனா காலமான பிறகு சந்து யாருக்கு என்று தொடங்கிய பேச்சு, பேச்சுவார்த்தையே இல்லாமல் முடிந்திருந்தது. கண்ணாடி நேராக என் வீட்டு ஜன்னலைப் பார்த்தது. என் கண் அவன் வீட்டில் படாமல் எனக்கே திரும்பி வர வேண்டுமாம்.

"வுடு, நம்மள இன்னா பண்ணப் போவுது அது?" என்றாள் மனைவி.

கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன். உள்ளே எரிந்தது.

குருவி வந்தது. வந்த வேகத்தில் கண்ணாடிக்குள் இன்னொரு குருவியைப் பார்த்துவிட்டது. விரட்டினால் போகிற குருவியா உள்ளே இருப்பது? விடிந்ததும் மோத ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை விடாது. இரை எடுப்பதே குறைந்துபோயிற்று. தை மாதத்தில் அலகோரம் ரத்தம் தெரிந்தது. பங்குனிக்குள் உடம்பு தேறாவிட்டால் இமயமலைக்கு எங்கே போவது, பக்கத்திலிருக்கும் மேல்சித்தாமூரைக்கூடத் தாண்டாது.

கண்ணாடியை ஒரு துணி போட்டு மூடினால் தீர்ந்தது. ஆனால் மூடச் சொல்லி நான் போய்க் கேட்டால், கண்ணாடி எனக்கு உறுத்துகிறது என்று ஆகிவிடும். தெரு முழுக்கச் சிரிக்கும். ஜன்னலில் நின்று கை தட்டிப் பார்த்தேன். பாறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து மோதியது.

ஒரு நாள் காலையில் சந்தில் விழுந்துவிட்டது. பாகப்பிரிவினைக்குப் பிறகு நான் கால் வைக்காத சந்து. இறங்கி எடுத்தேன். சூடாக இருந்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது. அப்படியே தம்பி வீட்டுப் படியேறினேன்.

அவனே கதவைத் திறந்தான்.

"அந்தக் கண்ணாடிய மூடுடா. குருவி செத்துடும் போலக்குது."

என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். "தெரியும். நானும் தெனம் பாத்துக்கினுதான் இருக்கறேன்" என்றான்.

"அப்புறம் இன்னாத்துக்கு எடுக்கல?"

"நானே எடுத்தா, உனக்குப் பயந்து எடுத்துட்டான்னு சொல்லுவல்ல. நீ வந்து கேப்பன்னு இருந்தேன்."

அவன் மாடிக்குப் போய்க் கண்ணாடியைக் கழற்றினான். சற்று நேரத்தில் குருவி கண் திறந்து, என் கையை ஒரு கொத்து கொத்திவிட்டுப் பாறைக்குப் பறந்தது. பங்குனிவரை இருந்தது. அலகு முழுதாக ஆறியதா என்று தெரியாது. பிறகு ஒரு நாள் பாறையில் அது இல்லை.

இந்த வருடம் ஐப்பசி முடிந்து கார்த்திகையும் பாதி போய்விட்டது. பாறை காலியாகத்தான் கிடக்கிறது. எங்கள் வீம்புக்கு அதைப் பலி கொடுத்துவிட்டோமோ என்று நினைத்தால் சோறு இறங்குவதில்லை. தினமும் காலையில் தம்பி தன் மாடியில் வந்து நிற்கிறான். நான் என் ஜன்னலில் நிற்கிறேன்.

"வந்துச்சாண்ணா?" என்கிறான்.

"இல்லடா" என்கிறேன்.

வேறெதுவும் பேசிக்கொள்வதில்லை. சந்தைத் தாண்டி ஒரே இடத்தில் நின்று, ஆளுக்கு ஒரு டீ குடித்தபடி காத்திருக்கலாம். அதை யார் முதலில் சொல்வது?