(அ) முதல் (ஈ) வரை

எங்கள் பிரிவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பரிசீலனை சார்' என்பதே பெயராகிவிட்டது. முகத்துக்கு நேராகச் சொன்னாலும் கோபப்பட மாட்டார். வீட்டில் மனைவி புது மிக்ஸி கேட்டால்கூட 'பரிசீலனையில் உள்ளது' என்றுதான் பதில் வரும் என்பது கேன்டீனில் நாங்கள் கட்டிவிட்ட கதை. ஒரு நாள் அந்த அம்மாவே போனில் என்னிடம், "அது கதை இல்லம்மா, நிஜம்தான்" என்றார்.

நாடாளுமன்ற உறுப்பினர்கள் அரசாங்கத்தைக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தயாரிப்பது எங்கள் வேலை. கையெழுத்து அமைச்சருடையது, வாசகம் பரிசீலனை சாருடையது, தட்டச்சு என்னுடையது. குடிநீர், சாலை, ஆஸ்பத்திரிப் படுக்கை, தெருநாய்த் தொல்லை என்று துறை துறையாக இருபத்தாறு வருஷம் பதில் எழுதிவிட்டுப் பாதுகாப்புத் துறைக்கு வந்து சேர்ந்தவர். பொய் எழுத மாட்டார், அதில் கறார். உண்மையையும் எழுத மாட்டார். இரண்டுக்கும் நடுவே ஒரு மனுஷன் எத்தனை பக்கம் எழுத முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

ஒவ்வொரு கேள்வியும் (அ), (ஆ), (இ), (ஈ) என்று பிரிந்து வரும். தனித்தனியாகப் பதில் சொன்னால் எங்காவது மாட்டிக்கொள்வோம். அதனால் '(அ) முதல் (ஈ) வரை' என்று ஒரே மூட்டையாகக் கட்டி, நாலு வரியில் பொதுவாக எதையாவது சொல்லி முடித்துவிடுவது. எதற்குப் பதில் வரவில்லை என்று உறுப்பினர் கண்டுபிடிப்பதற்குள் கூட்டத்தொடரே முடிந்திருக்கும். இந்த வித்தையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. புதிதாக வேலைக்கு வருபவர்களை மேலதிகாரிகள் அவரிடம் அனுப்பிப் பழகச் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் மாதாமாதம் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, அவர் எழுதியதை ஒரு எழுத்து மாறாமல் அடித்துக் கொடுத்தவள்தான் நானும்.

ஒரு மழைக்கால மத்தியானம் ராணுவ வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்தது. மூன்று சிப்பாய்கள் செத்துப்போனார்கள். அதில் ஒருவன் பரிசீலனை சாரின் அக்கா மகன், அக்காவுக்கு ஒரே பிள்ளை. கிடங்கின் பொறுப்பு அவனிடம் இருந்தது. அலுவலகத்தில் இந்த உறவு என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஒரு மாதத்துக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. உள்ளே அவன் சிகரெட் பிடித்தானாம், அதில்தான் தீப்பற்றியதாம். யார் பார்த்தார்கள், யார் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. செத்த மற்ற இருவரின் அம்மாக்களும் அதை நம்பிவிட்டார்கள். அக்கா துக்கம் விசாரிக்கப் போனபோது ஒருத்தி கதவையே திறக்கவில்லை. இன்னொருத்தி திறந்து, "உன் பிள்ளைதான் என் பிள்ளையக் கொன்னான்" என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டாள்.

அக்கா நேராக எங்கள் அலுவலக வாசலுக்கு வந்தாள். மரத்தடியில் நின்று தம்பியிடம் சொன்னாள். "அவன் சிகரெட்ட தொட்டதே இல்லடா. அவன் மேல தப்பு இல்லன்னு கவர்மென்ட் சொல்லணும். அத அந்த ரெண்டு பேர்கிட்டயும் கொண்டுபோய்க் காட்டணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவளுடைய தொகுதி உறுப்பினர் நல்ல மனுஷர், எழுதிக் கொண்டுவந்தால் கேட்கிறேன் என்று சொல்லியிருந்தார். பரிசீலனை சார் உட்கார்ந்து கேள்வியை எழுதினார். வாழ்நாள் முழுக்கத் தப்பித்த ஓட்டைகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி, ஒவ்வொன்றாக அடைத்தார். கடைசியாக (ஈ): 'பணியில் இருந்த சிப்பாயின் கவனக்குறைவு விபத்துக்குக் காரணமா?' ஆமாம், இல்லை என்பதைத் தவிர வேறு பதிலுக்கு இடமே இல்லை.

ஒரு முடிவு மட்டும் பாக்கி. வாய்மொழிக் கேள்வியா, எழுத்துக் கேள்வியா? வாய்மொழி என்றால் அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர் விடாமல் துணைக்கேள்வி கேட்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு இருபதுக்குத்தான் இடம், நூற்றுக்கணக்கில் வருவதால் குலுக்கல் போடுவார்கள். விழாவிட்டால் கேள்வியே செத்துவிடும். எழுத்துக் கேள்விக்குக் குலுக்கல் இல்லை, பதில் வந்தே தீரும்.

"எழுத்துல வாங்குக்கா. அச்சுல வரும், யாரும் மாத்த முடியாது" என்றார். காகிதத்தோடு வாழ்ந்த மனுஷன் வேறு என்ன சொல்வார்?

அந்த வாரம் பார்த்து இடைத்தேர்தல். பிரசாரத்துக்கு உறுப்பினர்கள் ஊர் ஊராகப் போய்விட்டார்கள். அக்காவின் கேள்விக்குக் குறித்த நாளுக்கு வந்த வாய்மொழிக் கேள்விகள் மொத்தமே பதினாலு. குலுக்கலே நடக்கவில்லை.

கேள்வி சுற்றிச் சுற்றி அவர் மேஜைக்கே வந்தது. 'செத்தவன் என் சொந்தக்காரப் பையன், வேறு ஆளிடம் கொடுங்கள்' என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கிடங்கிலிருந்து வரும் விவரக் குறிப்பைப் படிக்க வேண்டும் என்ற தவிப்பு. குறிப்பு நாலாம் நாள் வந்தது. கிடங்கின் இடிதாங்கிக் கம்பி அறுந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பையன் பதிவேட்டில் மூன்று முறை எழுதி வைத்திருக்கிறான். யாரும் சரிசெய்யவில்லை. அன்று இடி விழுந்தது. தீயைப் பார்த்து வெளியே ஓடிவந்தவன், மற்ற இரண்டு பேரையும் இழுத்துவர மறுபடி உள்ளே போயிருக்கிறான்.

படித்துவிட்டுக் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பிறகு கேள்விக்கு நாலு பதில்களைத் தனித்தனியாக எழுதினார். (ஈ)க்கு ஒரே ஒரு வார்த்தை: 'இல்லை.'

மேலதிகாரி அதைப் பார்த்துச் சிரித்தார். "என்ன சார், உங்களுக்கே மறந்துபோச்சா? சிப்பாய் மேல தப்பு இல்லன்னா, அப்ப யார் மேலன்னு நாளைக்கு பத்து கேள்வி வரும். நல்லவேளை எழுத்துக் கேள்வி. வாய்மொழியா வந்திருந்தா, துணைக்கேள்வியில மடக்கியிருப்பாங்க, அமைச்சர் சொல்லித்தான் ஆகணும். மூட்டையா கட்டிக் குடுங்க."

பரிசீலனை சாரின் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். தாளை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் எழுதி முடித்தார். '(அ) முதல் (ஈ) வரை: இச்சம்பவம் குறித்த விசாரணை நிறைவடைந்துள்ளது. உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது. பாதுகாப்பு நலன் கருதி மேல் விவரங்களை வெளியிட இயலாது.' நான் அடித்துக் கொடுத்தேன்.

அச்சான தாளோடு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனோம். தனியாகப் போகத் தைரியம் இல்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"உரிய நடவடிக்கைன்னா? அப்ப அவன்தான் பண்ணினான்னு அர்த்தமா?"

"இல்லக்கா." எல்லாவற்றையும் சொன்னார். அறுந்த கம்பி, பதிவேடு, மறுபடி உள்ளே போனது எல்லாம். அக்கா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்.

"இப்ப அந்த ரெண்டு வீட்டுக்கும் போய் நான் என்னன்னு சொல்றது? என் தம்பி சொன்னான்னா? நம்புவாங்களா? நீ வாடா. ஃபைல்ல பாத்தேன்னு நீயே உன் வாயால சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

"ரகசியக் காகிதம்க்கா. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும், பென்ஷனும் போயிடும். இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு."

அக்கா எழுந்து உள்ளே போனாள். எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். பேருந்தில் திரும்பி வரும்போது அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. என் சர்வீஸும் பாக்கி இருந்ததால் பேசாமல் வந்தேன்.

மூன்று வருஷம் போனது. ஒரு மாதக் கடைசியில் மாலை போட்டு அவரை அனுப்பி வைத்தோம். மறுநாள் காலையிலேயே அந்த இரண்டு வீடுகளுக்கும் கிளம்பிப் போனார் என்பதை அவரே போனில் சொன்னார். முதல் வீட்டில் இருந்தவர்கள் காலி செய்துகொண்டு எங்கோ போய்விட்டார்கள். இரண்டாவது வீட்டில் அந்த அம்மா கதவைத் திறந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு முழுதாகக் கேட்டாள்.

"நான் அவங்கள என்ன பேச்சு பேசிட்டேன்" என்று அழுதாள். "அவங்க ஏன் வரல? அவங்கள கூட்டிட்டு வாங்க, நான் கால்ல விழணும்."

அக்கா போய்ச்சேர்ந்து எட்டு மாதம் ஆகிவிட்டது என்று அவளிடம் சொல்ல வேண்டியிருந்ததாம்.