அத்தானின் நடை

கண்ணாடிக்கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. நாற்பதைத் தாண்டிவிட்டாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா குடும்பம் மாடியில், இவள் கீழே. சாப்பாடு மட்டும் மேலே. வேலை விட்டு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து, தனியாளாக வீடியோ கேம் செய்வாள். புரோகிராம் எழுதுவது, படம் வரைவது, சத்தம் சேர்ப்பது எல்லாம் அவளே.

படம்தான் காலை வாரியது. முதல் கேமை இணையத்தில் போட்டபோது, முகம் தெரியாத ஒருவர், “கதை நல்லாருக்கு. ஆளுங்கதான் ஸ்டூல் எழுந்து நடக்கிற மாதிரி இருக்காங்க” என்று எழுதினார். சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். நடுவில் ஒருவர் அசையாமல் நிற்பார், சுற்றி உட்கார்ந்து அவரை வரைய வேண்டும். முதல் வாரம் நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவருடைய கால் கட்டைவிரலை மட்டும் வரைந்துவிட்டு வந்தாள். போகப்போகக் கண் பழகியது. உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, அதற்கு இடுப்பும் தோளும் எப்படி ஈடுகொடுக்கின்றன என்று பிடித்துவிட்டால் போதும், முகமே வரையாவிட்டாலும் ஆள் வந்து நின்றுவிடுவார்.

அப்புறம் பஸ்ஸிலும் கடையிலும் வீட்டிலும் அவள் கை சும்மா இருக்கவில்லை.

அக்கா புருஷன் பக்கவாதம் வந்து தேறியிருந்த சமயம் அது. இடது காலை இழுத்து, அரைவட்டமாக வீசி வைப்பார். வலது தோள் ஒருமுறை எழும்பி இறங்கும். வாய் மட்டும் பழையபடி.

“என்ன மச்சினி, அந்தப் பெட்டிக்குள்ளயே ஒரு மாப்பிள்ளைய வரைஞ்சுக்கக் கூடாதா? சமைச்சுப் போடற வேலையாவது மிச்சம்.”

“வரைஞ்சா, உங்கள மாதிரி தொணதொணக்காத ஆளா வரைவேன் அத்தான்.”

புதுக் கேமில், ஆளில்லாத கட்டடத்துக்குள் துரத்தி வர ஒரு பேய் வேண்டியிருந்தது. எத்தனை வரைந்தும் அதற்கு உயிர் வரவில்லை. ஒருநாள் அத்தான் சாப்பிட எழுந்து வருவதை வரைந்தாள். அவரைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாமல் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றுதான் கேட்கவில்லை. படங்களை வரிசையாக ஓடவிட்டதும் அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது.

கேமை வெளியிட்டதும் பாராட்டு குவிந்தது. “அது நடந்து வர்றதப் பாத்தாலே வயித்தக் கலக்குது” என்று எழுதியிருந்தார்கள். தரையில் கால் பாவாமல் திரிந்தாள்.

அக்காவுக்கும் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கேமை டிவியில் போடச் சொன்னாள். இவள் என்னென்னவோ சொல்லி மழுப்பிப் பார்த்தாள். அக்கா விடவில்லை.

திரையில் கதவு திறந்தது. பேய் வந்தது.

“ஐயோ, நம்ம சார் மாதிரியே...” என்று சிரித்த தையல்காரம்மா பாதியில் வாயை மூடிக்கொண்டார். அக்கா இவளைத் திரும்பிப் பார்த்தாள். இவள் நிறுத்தப் போனாள்.

“நிறுத்தாதே. இன்னொரு தடவ போடு” என்றார் அத்தான்.

போட்டாள். முழுவதும் பார்த்துவிட்டு அவர் அக்காவிடம் கேட்டார்.

“நான் இப்படியா நடக்கறேன்? வெளிய தெரியவே இல்லன்னு சொன்னியே?”

அக்கா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

இவள் அன்றே கேமிலிருந்து பேயை நீக்கிவிட்டாள். மறுநாள் மேலே போய், “தப்புப் பண்ணிட்டேன் அத்தான். உங்களக் கேட்டிருக்கணும்” என்றாள்.

“கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லிருப்பேன். பொய்யா ஒண்ணும் வரையலியே நீ.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. கண்ணில் நீர் முட்டிய அந்த நேரத்திலும், நாற்காலிக் கையை அவர் பிடித்திருந்த பிடியில் எந்தத் தோள் தாழ்கிறது என்று அவள் கண் அளந்துகொண்டிருந்தது. அதை உணர்ந்தபோது உடம்பெல்லாம் கூசியது.

பிறகு தன் நடையையே போனில் படமெடுத்துப் பேயை மாற்றி வரைந்தாள். பழைய பேய் எங்கே என்று பலர் கேட்டார்கள். யாருக்கும் பதில் எழுதவில்லை. நிறுத்தியிருந்த ஓவிய வகுப்புக்கு மட்டும் கொஞ்ச நாள் கழித்துத் திரும்பப் போனாள். அங்கே நிற்கிறவர் தன்னை வரைகிறார்கள் என்று தெரிந்து நிற்கிறவர்.

அத்தான் இப்போதும் பேசுவார். கேலி பேசுவதில்லை. அவள் இருக்கும்வரை நாற்காலியை விட்டு எழுவதுமில்லை. அதனால் அவள் அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுத் தட்டோடு சமையலறைக்குப் போய்விடுவாள். குழாயை வேகமாகத் திறந்துவிட்டு, கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டு, அவர் அறைக்கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை சுவரைப் பார்த்து நிற்பாள்.