பிடுங்கினால்தான் தெரியும் ரகம்

என் அக்கா புருஷன் சக்கரபாணிக்குக் கிளியனூரில் மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை நிலம். பேர் தெரியாத விதை அவர் மண்ணில் விழுந்ததில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வறுத்த மல்லாட்டை வாங்கினாலும் ஒன்றை உடைத்துப் பார்த்து ரகம் சொல்லுவார். பாதி தப்பாகத்தான் இருக்கும். யாரும் வாயைத் திறப்பதில்லை.

அந்த மனுஷனுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. விழுப்புரத்தில் ஸ்கேன் எடுத்தோம்.

"வலது கிட்னியில கட்டி இருக்குங்க. கேன்சராத்தான் தெரியுது. ஆனா வழக்கமா வர்ற மாதிரி இல்ல. ரேர் டைப்பா இருக்கலாம்" என்றார் டாக்டர் ஃபஸீஹா.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னா ரகம்?"

"ஆபரேஷன் பண்ணி எடுத்து, லேபுக்கு அனுப்பினாத்தான் தெரியும்."

"ரகம் தெரியாம எப்டிங்க கை வெக்கிறது? கண்டுபுடிச்சி சொல்லுங்க, வர்றேன்" என்று எழுந்து வந்துவிட்டார்.

அன்றிலிருந்து ஊரில் அவர் பெரிய மனுஷன். டீக்கடையில் ராயப்பன் தன் கிட்னிக் கல்லைப் பற்றி ஆரம்பித்தால், "கல்லு எல்லாருக்குந்தான் வருது. நம்மளது ரேர் டைப்பு" என்று ஒரே போடாகப் போடுவார். ராயப்பன் முகம் தொங்கிப்போகும். விவசாய ஆபீசில் கேட்டால் ரகம் சொல்லுவார்கள் என்று ஒரு புண்ணியவான் யோசனை சொன்னார். மாமா அதையும் யோசித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டி வளர்கிறது, இவர் அதற்குப் பேர் வைக்கக் காத்திருக்கிறார்!

ஒரு நாள் காலையில் கொல்லையில் அக்கா பாஞ்சாலி முற்றாத மல்லாட்டைச் செடி ஒன்றை வெடுக்கென்று பிடுங்கி அவர் முன்னால் போட்டாள்.

"யோவ்!" கல்யாணமான நாளிலிருந்து 'ஏங்க' மட்டுமே சொன்ன வாய் அது. "புடுங்காம மல்லாட்டை எப்டியா தெரியும்? மேல நின்னுக்கினு எலையப் பாத்தா உள்ள வெறும் பொக்கா பூச்சியான்னு தெரியுமா? நீ போனப்புறம் ரகத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுதாள். மாமா அந்தச் செடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த பஸ்ஸில் விழுப்புரம் போனோம்.

வலது கிட்னியை எடுத்துவிட்டார்கள். லேப் முடிவு வந்த அன்று டாக்டர் கூப்பிட்டார்.

"ரேர் டைப்தாங்க. குரோமோஃபோப்னு பேரு. மெதுவா வளர்றது. எங்கயும் பரவல, முழுசா எடுத்தாச்சு."

மாமா துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் பேரைக் காதிலேயே வாங்கவில்லை.

"புடுங்கின கொல்லையில உட்டுப்போன காய் மழைக்கு மொளைக்கும். அப்டி எதுனா மொளைக்குமா டாக்டர்?"

"வாய்ப்பு கம்மி. இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன். அப்பப்ப ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கலாம்."

வெளியே வந்ததும் போன் அடித்தது. ராயப்பன். "இன்னாபா, ரகம் சொல்லிட்டாங்களா?"

மாமா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு வந்த கல்லே எனக்கும் வந்திருக்கலாம்டா" என்றார்.