பேரைச் சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள்

ராஜபாளையத்தில் நான் பிட்டராக இருந்த மில்லில், ஒரு காலை ஷிப்டில், கையில் ஸ்பானரை வைத்துக்கொண்டு அது எதற்கு என்று தெரியாமல் நின்றேன். சாயங்காலம் காய்ச்சல். பிறகு வலிப்பு. மூளையழற்சி (கிருமி தொற்றி மூளை வீங்குவது) என்றார்கள். உயிர் பிழைத்து மம்சாபுரம் வீட்டுக்கு வந்தேன். ஆனால் யார் பெயரும் நினைவில் இல்லை.

நோயாளியைப் பார்க்க வருவதில் எங்கள் ஊருக்கு ஒரு முறை இருக்கிறது. ரொட்டிப் பாக்கெட்டை வைத்துவிட்டு, கட்டிலுக்கு நேரே நின்று, "ஏலே, நான் யாருன்னு சொல்லு பாப்போம்" என்பார்கள். அன்புதான். ஆனால் நான் சொல்லும்வரை விடமாட்டார்கள். "நல்லா யோசிச்சுப் பாருல" என்பார்கள். கடைசியில் என் மனைவியைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

மகளுக்குப் பத்து வயது. இதையெல்லாம் பார்த்துவிட்டு அவளும் ஒரு நாள் கேட்டாள்: "அப்பா, எம் பேரு என்ன?"

என் பிள்ளை என்று தெரிந்தது. பெயர் வரவில்லை. (கார்த்திகா. இந்தக் கட்டுரையில் பாதி மனைவி எடுத்துக்கொடுத்தது, இந்தப் பெயரும்.) அவள் அழவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டாள். அதன்பின் என் பக்கத்தில் வருவதையே நிறுத்திக்கொண்டாள். எதற்குப் பிழைத்தேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் பக்கம், நினைவுப் பயிற்சிக்குப் போனோம். அங்கேயும் பரீட்சைதான். பயிற்சி தரும் பெண் குடை, பூட்டு, சைக்கிள் என்று பட அட்டைகளைக் காட்டுவார், மூடுவார், கேட்பார். ஒன்று தவறினால் போதும், கழுத்து வியர்க்கும், தெரிந்ததுகூட ஓடிவிடும். ஒரு நாள் அத்தனை அட்டைகளையும் தட்டிவிட்டேன்.

அவர் குனிந்து பொறுக்கினார். "அண்ணே, நான் கேக்கையில ஒங்களுக்கு உள்ள என்ன பண்ணுது?"

அதுவரை ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"போலீஸ் விசாரிக்குத மாதிரி இருக்கும்மா. பதில் தெரியலன்னா அடி விழும்னு பயமா இருக்கு."

"இம்புட்டுப் பயத்த வச்சுக்கிட்டு நான் என்ன சொன்னாலும் மண்டையில ஏறாதுண்ணே. பயத்த மொதல்ல எறக்குவோம்."

பயிற்சி மாறியது. விடையை முதலில் அவரே சொல்வார். நான் திருப்பிச் சொல்வேன். நான் வியர்த்தால் நிறுத்திவிடுவார். வியர்வை அடங்கிய பிறகுதான் அடுத்த அட்டை. வீட்டில் என் மனைவி வருகிறவர்களை வாசலிலேயே மறித்தாள். "பேரச் சொல்லிட்டு உள்ள வாங்க. அவியகிட்ட கேள்வி கேக்காதீங்க." சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். போகட்டும். மகளும் தினமும் பெயரைச் சொன்னாள், நிலைப்படியில் நின்றபடியே.

உங்கள் வீட்டில் என்னைப்போல் ஒருவர் இருந்தால், பயிற்சி தருகிறவரிடம் சொல்லுங்கள்: அட்டையோடு நோயாளியின் முகத்தையும் பார்க்கட்டும். எத்தனை சரி, எத்தனை தப்பு என்று பார்ப்பதற்கு முன்னால், உள்ளே என்ன பண்ணுகிறது என்று கேட்கட்டும்.

நான் குணமாகிவிட்டதாக நினைக்க வேண்டாம். இனி மில்லுக்குப் போக முடியாது. காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில் இல்லை. நேற்று என்று ஒன்று இருந்ததைப் பிறர் சொல்லித்தான் நம்புகிறேன். இனி எப்போதும் இப்படித்தானோ என்று பயமாக இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள். பெயரைச் சொல்ல மறந்து, நேராக வந்து என் மடியில் தலையை வைத்துப் படுத்துவிட்டாள். எனக்கும் பெயர் வரவில்லை. கழுத்து வியர்க்கவில்லை. கை அவள் தலையைத் தடவிக்கொண்டிருக்கிறது.