சாம்பிராணி போட்ட சட்டைகள்

வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் ஆமிக்காரர் குண்டுச் சோதனைக்காகப் பஸ்ஸை மறித்து எங்களை இறக்குகிறார்கள். கீழே கறுப்புத் தண்ணீர் நாறுகிறது. வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் அக்கா கரையோரத் தையல் தொழிற்சாலையில் வேலை செய்தவராம். இன்றோடு அதைப் பூட்டிவிட்டார்கள். கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்த சட்டைகள் அவர் பையில் இருக்கின்றன.

"குண்டுகளுக்குப் பயந்து பூட்டினவையோ?" என்கிறேன்.

"இல்லைத் தம்பி. குண்டு வெடிச்ச கிழமையும் வெளிநாட்டுக்காரன் வந்து சட்டை தைக்க ஓடர் தந்தவன். கால்வாய் நாத்தம் துணியில ஏறுதெண்டு நாங்கள் நாள் முழுக்கச் சாம்பிராணி போட்டனாங்கள். ரெண்டும் சேர்ந்து இன்னும் மோசமாப் போச்சு. நாங்கள் அனுப்பின சட்டைப் பெட்டியைத் திறந்தவன், ஓடரை டாக்காவுக்குக் குடுத்திட்டான்."

அவருடைய முறை வருகிறது. குண்டு தேடும் ஆமிக்காரன் ஒரு சட்டையை விரிக்கிறான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, பையை மூடச் சொல்லிக் கையைக் காட்டுகிறான்.