எட்டுச் செலவும் கொரிந்து இறைச்சியும்

தொண்ணூறுகளின் நடுவில், புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், பகலில் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிவிட்டு, மாலையில் ஆதிக் கிறிஸ்தவம் பற்றிய ஒரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். கிரேக்க, ரோமப் பட்டணங்களில் அந்தச் சமயம் எப்படி வேர்பிடித்தது என்பதுதான் பாடம். நான் சைவக்காரன். என் தங்கச்சி ரெக்ஸ்டேலில் ஒரு பாஸ்டரிடம் ஞானஸ்நானம் எடுத்திருந்தாள். அந்த மனிசன் அவளுக்கு என்னத்தைத்தான் ஊட்டுகிறான் என்று அறியவே சேர்ந்தேன்.

ஊட்டியது பயம். வேறொன்றுமில்லை. பொட்டு பிசாசு, விளக்கு பிசாசு, பூமாலையும் பிசாசு. வேதத்தையே கரைத்துக் குடித்ததாக நினைப்பு. அப்போஸ்தலர் கடிதம் எழுதிய கிரேக்கப் பட்டணமான கொரிந்து எந்தத் திசையில் என்று கேட்டால் முழிப்பார்.

அந்த மாரிகாலம் பார்க்டேல் அப்பார்ட்மென்டில் அம்மா காலமானார். எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கில், இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் படைத்த பிறகுதான் மற்றவர்கள் கை நனைப்போம். அம்மாவுக்குப் பிடித்த ஆட்டிறைச்சிக் கறியை அப்பாவே வைத்தார். “பிள்ளை வந்து சாப்பிடுவாள்தானே?” என்று விடிந்ததிலிருந்து என்னைக் கேட்டபடி இருந்தார். அவள் சாப்பிடாமல் போனால் மனிதர் உடைந்துபோவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

வந்தாள், காவலுக்குப் பாஸ்டரோடு. கோட்டும் டையுமாகக் கதவடியில் நின்று அவர் அறிவித்தார்: “சகோதரி சாப்பிடமாட்டா. படைக்கிறது எல்லாம் பிசாசுக்குத்தான் போகுது.”

என் தாயைப் பிசாசு என்கிறான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கொரிந்துச் சந்தையில வித்த இறைச்சியில கனக்க, கோயில்ல பலிகுடுத்ததுதான் ஐசே. கேள்வி கேளாமல் வாங்கித் தின்னச் சொன்னவர் உங்கட அப்போஸ்தலர்!”

“படைச்சது எண்டு ஆரும் சொன்னால் தின்னவேண்டாம் எண்டும் சொன்னவர்.”

சனியன், அந்த இடத்தை மட்டும் பாடமாக்கி வைத்திருந்தது.

“அது மற்றவன்ர மனச்சாட்சியை நோகடிக்கப்படாது எண்டதுக்காக. உமக்கு உதெல்லாம் எங்க விளங்கப்போகுது? உம்மட கழுத்தில தொங்கிற டை எந்த வேதத்தில கிடக்கு?”

“நீர் உலக ஞானம் படிக்கிறீர், தம்பி,” என்று சிரித்தார். தங்கச்சி சுவரோடு ஒட்டி நின்று அழுதாள். அவளை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

அப்பா குசினியிலிருந்து ஒரு தட்டோடு வந்தார். சோறு, மேலே இறைச்சி.

“இன்னும் படைக்கேல்லை, பிள்ளை. நீ சாப்பிடு.”

“ஐயோ அண்ணை, படைக்க முதல் குடுக்கலாமோ!” என்று அவருடைய தங்கை, என் மாமி, பதறினார்.

“உவளின்ர தாய் எண்டைக்கு உவளுக்கு முதல் சாப்பிட்டவ?”

கொரிந்தும் நானும் ஒரு மூலையில் நின்றோம். தங்கச்சி நிலத்தில் அமர்ந்து, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, தட்டை வழித்துச் சாப்பிட்டாள். அவள் கை கழுவி வரும்வரை அப்பா காத்திருந்தார். பிறகுதான் இலையை விரித்து, அதே சட்டியிலிருந்து கறியை அள்ளி வைத்தார்.

அம்மா அன்றும் பிள்ளை சாப்பிட்ட பிறகுதான் சாப்பிட்டார்.