ரோட்டுக்குக் கோணலா நிக்கிற சர்ச்

ஜேசிபி பக்கெட் கல்லுல உரசினா பல்லு கூசும். அந்தச் சத்தம் இன்னும் காதுல கிடக்கு. கூடவே மழையில நனைஞ்ச செம்மண் வாசம்...

இன்ஜினியரிங் படிச்சு முடிச்சு நான் தனியா பாத்த முதல் சைட். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவுல, எங்க ஊர் சர்ச். மிஷன் காலத்துக் கட்டடம் ஒழுகி, சுவர் விரிஞ்சு, இடிச்சாச்சு. பழசு ரோட்டைப் பாக்காம கோணலா நின்னது. புதுசு ரோட்டைப் பாத்து நிக்கணும்னு கமிட்டி சொல்லிச்சு. அப்படியே வரைஞ்சு கொடுத்தேன்.

ஜேசிபி ஓட்டினது பிஜு. என்கூட ஸ்கூல்ல படிச்சவன். பக்கத்து பகவதி கோயில் குடும்பம். அஸ்திவாரக் குழியில அந்தச் சத்தம் கேட்டதும் எஞ்சினை ஆஃப் பண்ணிட்டுக் குதிச்சான்.

"எலே, இஞ்ச வா. இது வெறும் பாறை இல்ல, கேட்டியா."

இறங்கிப் பாத்தேன். மேல பழைய சர்ச்சோட கருங்கல். அதுக்குக் கீழ விளக்கு மாடம் வச்ச கோயில் கல்வரிசை, எண்ணெய்க் கறுப்பு அப்படியே. அதுக்கும் கீழ ஒரு பலகைக்கல்... சம்மணம் போட்டு ஒரு உருவம், தலைக்கு மேல மூணு குடை. எல்லாம் ஒரே கோட்டுல, ஒரே திசை பாத்து! ஜாயின்ட்டுல ஸ்டீல் ஸ்கேலை நுழைச்சுப் பாத்தேன். போகல, அவ்வளவு நெருக்கமா அடுக்கின கல்லு.

கமிட்டி செகரட்டரி முகம் வெளுத்துட்டு.

"மூடுலே மக்கா. ரெண்டு லோடு மண்ணு போடு. இடம் எங்களுக்குன்னு கோயில்காரவிய வந்தா, நம்ம சர்ச் இந்த ஜென்மத்துல எழும்பாது."

பயம் நியாயம்தான். சனம் தகர ஷெட்டுல ஆராதனை நடத்திட்டு இருந்த நேரம். ஆனா எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. "ஒளிச்சு வச்ச கல்லு மேல கட்டுற பில்டிங்குக்கு நான் கையெழுத்து போட மாட்டேன்."

எங்க பாதிரியார், சர்ச் அச்சன், குழிக்குள்ள எட்டிப் பாத்தார். அப்புறம் பிஜுகிட்ட, "உங்க கோயில் பிரசிடென்ட்டைக் கூட்டிட்டு வா."

பிரசிடென்ட் வந்தார். செருப்பைக் கழட்டிட்டு இறங்கினார். மாடத்தைத் தொட்டுக் கும்பிட்டார். அப்புறம் அந்த உருவத்தைப் பாத்து ஒரே சிரிப்பு.

"இவரு சிதறால் மலையில இருக்கப்பட்ட ஆளாக்கும். சமணரு. எங்களுக்கும் முன்ன குடிவந்தவரு. இடம் வேணும்னா மொதல்ல அவருல்லா கேக்கணும்!"

செகரட்டரிக்கே சிரிப்பு வந்துட்டு.

பிறகு பிரசிடென்ட் கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி. "வந்தவிய எல்லாம் இதே கிழக்கைத்தான் புடிச்சிருக்காவ. உங்க பழைய சர்ச்சும் அப்படித்தான நின்னுது? இப்ப என்னத்துக்கு ரோட்டைப் பாத்துத் திரும்புதிய?"

அன்னைக்கே என் டிராயிங்கைக் கிழிச்சேன்.

தொல்லியல் ஆட்கள் வந்து அளந்தாங்க, கல்லை அதே இடத்துல காப்பாத்தச் சொன்னாங்க. அது மேல பாரம் விழாம வெளியே பில்லர் நிறுத்தினேன். கீழ இருக்கிறது தெரியத் தரையில ஒரு கண்ணாடி. திசை மட்டும் அதே பழைய கிழக்கு.

இப்போ நான் கொச்சியில ஏசி ரூம்ல டிராயிங் போடுறேன். குழியில இறங்கி எவ்வளவோ நாளாச்சு... பிஜு கல்ஃப்ல கிரேன் ஓட்டுறான். கோயில் ஊர்வலம் சர்ச் வாசல்ல நின்னு, நாங்க கொடுக்கிற சம்பார மோரு குடிச்சிட்டுதான் போகும். அன்னைக்கு மண்ணு போட்டு மூடியிருந்தா?

போன மாசம் ஊர்ல டீ குடிச்சிட்டு நிக்கேன். கார்ல வந்த வெளியூர்க்காரர் ஒருத்தர், "இந்த சர்ச்சை எவன்டே இப்படிக் கோணலா கட்டினது?"

"நான்தான் அண்ணே. சர்ச் நேராத்தான் நிக்குது. ரோடாக்கும் கோணல்."